கும்பகர்ணக் கிருமிகள்

தூங்குகிறவனைக் கொல்லலாமா? கூடாது என்பீர்கள். பாரதத்தில் அசுவத்தாமன் அதைச் செய்தான். பதினெட்டாம் நாள் ராத்திரி பாண்டவர் பாசறைக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த திருஷ்டத்யும்னனையும் திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் கொன்றான். கிளம்புவதற்கு முன் அவன் மாமா கிருபர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தூங்குகிறவனை அடிப்பது தர்மம் இல்லை, இப்போது போய்ப் படு, பொழுது விடியட்டும் என்றார். மருமகன் கேட்கவில்லை.

உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கும் ஆன்ட்டிபயாட்டிக் மாத்திரைகளில் பெரும்பாலானவை கிருபர் கட்சி. தூங்குகிற கிருமியை அவை தொடுவதில்லை. தர்மம் பார்த்து அல்ல, தொட முடியாது என்பதால். இந்த இயலாமையின் விளைவாக உலகம் முழுவதும் கோடிக்கணக்கான மனிதர்களிடம் ஒரு விநோதமான காரியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 'உனக்கு உடம்பு தேவலையாகிவிட்டது. இருந்தாலும் இன்னும் நாலு மாதம் மாத்திரை சாப்பிடு' என்கிறோம். சாப்பிடாமல் நிறுத்தினவனுக்கு ரொம்ப நாள் ஒரு கெட்ட பெயரும் வைத்திருந்தோம். அது நியாயமா என்பதுதான் இந்த வாரம் உங்களிடம் கேட்க வந்தது. முதலில் கிருமி, பிறகு நியாயம்.

பெனிசிலின் எப்படிக் கொல்கிறது? பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. அது வளர வேண்டுமென்றால் பழைய சுவரில் அங்கங்கே பிரித்து, புதுக் கல்லை வைத்துப் பூச வேண்டும். பெனிசிலின் பூசுகிற கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது. பிரித்த இடம் பிரித்தபடியே நிற்க, சுவர் விட்டுப்போய்க் கிருமி வெடிக்கிறது. கவனியுங்கள், மருந்து சுவரை இடிக்கவில்லை. கட்டட வேலை நடந்துகொண்டிருப்பதைப் பயன்படுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். வேறு பல ஆன்ட்டிபயாட்டிக்குகளும் இந்த ரகம்தான். ஒன்று புரதம் தயாராகும் இடத்தில் கோளாறு செய்யும், இன்னொன்று டி.என்.ஏ. நகல் எடுக்கும் இடத்தில். எல்லாமே ஓடுகிற மெஷினில் கம்பியைச் செருகுகிற வேலை. மெஷின் ஓடவில்லையென்றால் கம்பிக்கு வேலை இல்லை.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியின் பேராசிரியர் ஜோசப் பிக்கர். வருஷம் 1944. பெனிசிலின் அப்போதுதான் வந்து, எல்லோரும் அதை அமிர்தம் என்று கொண்டாடிக்கொண்டிருந்த சமயம். பிக்கர் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகளைக் குழம்பில் வளர்த்து, அதில் பெனிசிலின் விட்டார். கலங்கலாக இருந்த குழம்பு தெளிந்துவிட்டது. எல்லாம் க்ளோஸ் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் அந்தத் தெளிந்த குழம்பை எடுத்துத் திரும்ப வளர்த்தார். வளர்ந்தது! ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு கிருமி பிழைத்திருந்தது.

'மருந்துக்கு மசியாத ரகம் போலிருக்கிறது, இதெல்லாம் தெரிந்ததுதானே' என்று அவசரப்படாதீர்கள். பிக்கர் அதையும் சோதித்துப் பார்த்தார். பிழைத்த கிருமியின் பிள்ளை குட்டிகள் மேல் மறுபடி பெனிசிலின் விட்டால், அவையும் முன்னோர்களைப் போலவே பொத்துப் பொத்தென்று விழுந்தன. மறுபடியும் சொற்பம் தப்பின. அதாவது, பிழைத்தவற்றிடம் தனியாக எந்த வித்தையும் இல்லை. ஜீன் மாறவில்லை. மருந்து வந்த நேரத்தில் அவை வேலை செய்யாமல் சும்மா கிடந்திருக்கின்றன. இவற்றுக்குப் 'பெர்சிஸ்டர்' என்று பெயர் வைத்தார். விடாக்கண்டர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். விடாக்கண்டன் என்றாலே நாம் மல்லுக்கு நிற்கிறவனைத்தான் நினைப்போம். இது படுத்துக்கொண்டே விடாக்கண்டனாக இருக்கிற ஜாதி. நம் ஆபீஸ்களில் பார்த்திருப்பீர்கள்.

அறுபது வருஷம் கழித்து, 2004-ல், நதாலி பாலபான் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் ஈ.கோலை கிருமிகளைத் தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால்களில் வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்தார்கள். மருந்தை விட்டார்கள், பிழைத்தது எது என்று பார்த்தார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டினார்கள். மருந்து வருவதற்கு முன்னாலேயே அந்தக் கிருமி வளராமலோ, மெதுவாகவோ இருந்திருக்கிறது. ஆபத்தைப் பார்த்துப் பதுங்கவில்லை. ஆபத்து வந்தபோது தற்செயலாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஜீன், ஒரே சாப்பாடு, பக்கத்துப் பக்கத்து இடம், ஒன்று சாகிறது, ஒன்று பிழைக்கிறது. பிழைத்ததில் அதன் சாமர்த்தியம் துளியும் இல்லை. (சுயமுன்னேற்றப் புத்தகம் எழுதுகிற ஜெயித்தவர்கள் இந்த ஃபிலிமை ஒரு தடவை பார்க்கலாம்.)

தூக்கம் தூக்கம் என்கிறேனே, கிருமிக்கு ஏது தூக்கம்? அதற்குள் என்னதான் நடக்கிறது?

இங்கேதான் புரதம் வருகிறது. ஒரு செல்லுக்குள் வேலை பார்க்கிறவை எல்லாம் புரதங்கள். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். மடிப்புக் கலைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். முட்டையை வேகவைக்கும்போது வெள்ளைக்கரு கெட்டியாகிறதே, அது இந்தக் கதைதான். செல்லில் இப்படி ஆகாமல் தடுக்கவும், மடிப்பைச் சரிசெய்யவும் தனியாகச் சில புரதங்கள் உண்டு. அவற்றுக்குச் 'சாபரோன்' என்று பெயர். அந்தக் காலத்து ஐரோப்பாவில் வயசுப் பெண்கள் வெளியே போனால், கண்ட பையன்களோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கூடவே அனுப்பப்படும் அத்தைமாருக்கு அந்தப் பெயர். சரியான பொருத்தம்.

இந்தக் காவலுக்குச் செலவு உண்டு. ஏ.டி.பி. என்கிற சக்திக் காசைச் செலவழித்துக்கொண்டே இருந்தால்தான் புரதங்கள் ஒழுங்காக நிற்கும். பட்டினி கிடந்தாலோ வேறு கஷ்டம் வந்தாலோ காசு குறைகிறது. புரதங்கள் திரிந்து கட்டி தட்டுகின்றன. 2019-ல் பீகிங் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஈ.கோலையில் இதை நேராகப் பார்த்தார்கள். செல்லுக்குள் கறுப்புப் புள்ளிகள் மாதிரி தெரிந்தன. கட்டி அதிகமாக அதிகமாகத் தூக்கமும் ஆழமாகிறது, மருந்தைத் தாங்குவதும் கூடுகிறது. திரும்ப நல்ல சாப்பாடு கொடுத்தால் செல் உடனே எழுந்து ஓடுவதில்லை. முதலில் அத்தைமார் வந்து கட்டியைக் கரைத்து, புரதங்களைப் பிரித்து, மடித்து வேலைக்கு அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் செல் வளர ஆரம்பிக்கிறது. வெந்த முட்டையை மறுபடி பச்சை முட்டையாக்குகிற வித்தை நமக்குச் சமையலறையில் இல்லை. இந்த அற்பக் கிருமிக்கு இருக்கிறது.

இன்னும் ஒரு படி கீழேயும் போகும். 2021-ல் பெல்ஜியத்து லூவன் பல்கலைக்கழகத்தில் கண்டது: கட்டி முற்றிக்கொண்டே போனால், பெர்சிஸ்டராக இருந்த செல் அதைவிட ஆழமான ஒரு நிலைக்குப் போய்விடுகிறது. உயிர் இருக்கிறது. ஆனால் லேபில் தட்டில் போட்டு வளர்த்தால் வளராது. பரிசோதனை செய்கிறவருக்கு அது இல்லாத கிருமி. ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று அழகாக டைப் அடித்துக் கொடுத்துவிடுவார்.

நம் மூளையில் புரதம் இப்படிக் கட்டி தட்டினால் அல்ஸைமர், பார்க்கின்ஸன் என்று பயப்படுகிறோம். அதே விபத்து பாக்டீரியாவுக்கு அடைக்கலம். எது நோய், எது பாதுகாப்பு என்பது யார் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது போலிருக்கிறது. இதைத் தனியாக இன்னொரு வாரம் பேசலாம்.

இப்போது நியாயத்துக்கு வருவோம். ஈ.கோலை வசதியான இடத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டாகிறது. காசநோய்க் கிருமி ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். சுபாவத்திலேயே சோம்பேறி. அதிலும் தூங்குகிறவை உண்டு. அதனால்தான் டி.பி.க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் சில வாரங்களிலேயே சுறுசுறுப்பான கிருமிகள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன. மிச்சக் காலமெல்லாம் தூங்குகிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வரக் காத்திருப்பதுதான். வாசலில் போலீஸ் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

ஒரு கட்டடத் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். இருமல், ராத்திரி ஜுரம், எடை குறைந்துவிட்டது. டி.பி. என்றார்கள். மாத்திரை ஆரம்பித்தார். இரண்டே மாதத்தில் ஜுரம் போச்சு, பசி எடுக்கிறது, எடை கூடியிருக்கிறது. சளிப் பரிசோதனை நெகட்டிவ். ஆனால் மாத்திரை போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது, சிறுநீர் ஆரஞ்சு கலரில் போகிறது. மருந்து வாங்கப் போகிற அன்று அரை நாள் கூலி போகிறது. 'நல்லாத்தானே இருக்கேன் சார், இன்னும் எதுக்கு?' என்று கேட்கிறார். ரொம்ப நல்ல கேள்வி. அவரிடம் இருக்கும் சாட்சியங்கள் அத்தனையும், அவர் உடம்பு, அவர் பசி, லேப் ரிப்போர்ட் உட்பட, அவர் கட்சிக்குத்தான் சாதகம்.

எதிர்க்கட்சிக்கு என்ன சாட்சியம்? எலிகள். 1950-களில் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் மெக்யூன், வால்ஷ் மெக்டெர்மாட் என்ற இருவரும் எலிகளுக்கு டி.பி. கொடுத்து, மூன்று மாதம் இரண்டு மருந்துகளால் சிகிச்சை செய்தார்கள். பிறகு எலிகளின் உறுப்புகளை அரைத்து வளர்த்துப் பார்த்தால் ஒரு கிருமிகூட வளரவில்லை. சுத்தம். அதே சிகிச்சை பெற்ற மற்ற எலிகளை மருந்தில்லாமல் மூன்று மாதம் விட்டுவைத்துப் பார்த்தார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கு எலிகளிடம் டி.பி. திரும்பியிருந்தது. திரும்பி வந்த கிருமிகள் அதே பழைய மருந்துகளுக்குக் கட்டுப்பட்டன. பிக்கரின் குழம்பில் நடந்தது எலிக்குள்ளும் நடந்திருக்கிறது.

ஆக, தொழிலாளியிடம் நாம் என்ன சொல்கிறோம்? 'உன் உடம்பு சொல்வதை நம்பாதே, லேப் சொல்வதையும் முழுசாக நம்பாதே, யாரோ ஒருத்தருடைய எலியை நம்பு' என்கிறோம். வில்லியம் க்ளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித மேதை 1877-ல் ஒரு கட்டுரை எழுதினார். போதுமான சாட்சியம் இல்லாமல் எதையும் நம்புவது வெறும் தப்பு அல்ல, அறக் குற்றம் என்பது அவர் வாதம். அவர் அளவுகோலை வைத்துப் பார்த்தால், மாத்திரையை நிறுத்துகிறவர் முட்டாள் இல்லை, பொறுப்பற்றவரும் இல்லை. தன் கண்ணுக்கு எட்டிய சாட்சியப்படி நடக்கிற ஒழுங்கான பகுத்தறிவாளர். ஆறு மாதமும் ஒரு வார்த்தை கேட்காமல் விழுங்குகிறவர்தான் குருட்டு நம்பிக்கைக்காரர்!

வாதம் இங்கேயே நின்றால் சௌகரியம். ஆனால் அதே கட்டுரையில் க்ளிஃபோர்ட் சொல்லும் உதாரணம் ஒரு கப்பல் முதலாளி. பழைய கப்பல், ஓட்டை உடைசல் இருக்குமோ என்ற சந்தேகம். இத்தனை தடவை பத்திரமாகப் போய் வந்ததே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, ஜனங்களை ஏற்றி அனுப்பிவிடுகிறார். கப்பல் கரை சேர்ந்தாலும் அவர் குற்றவாளிதான் என்கிறார் க்ளிஃபோர்ட். நம் தொழிலாளியின் நுரையீரலும் ஒரு கப்பல். பத்துக்குப் பத்து அறையில் அவரோடு சேர்ந்து மூச்சு விடுகிற மனைவி, பிள்ளைகள், அம்மா அதில் பயணிகள். தூங்கின கிருமி எழுந்தால் அவர் மட்டும் இரும மாட்டார். இன்னொன்றும் இருக்கிறது. 2017-ல் பாலபானின் குழு ஜெருசலேமில் காட்டியது: கிருமிகளுக்கு மருந்தை விட்டு விட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தால், முதலில் நீண்ட நேரம் தூங்கித் தாங்குகிற ரகம் பெருகுகிறது. அதன் மேல்தான் மருந்தையே எதிர்த்து நிற்கிற ரகம் சீக்கிரமாக முளைக்கிறது. முதலில் தூங்குகிறவன், பின்னாலேயே போக்கிரி. எனவே, கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விவகாரம்.

இதில் சென்னைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். டி.பி. என்றால் சானடோரியத்தில் வருஷக்கணக்கில் படுக்கை, முட்டை, பால், நல்ல காற்று என்றிருந்த காலம் அது. ஆஸ்பத்திரியில் ஒரு பாதிப் பேர், சென்னையின் நெருக்கடியான வீடுகளிலேயே இன்னொரு பாதிப் பேர் என்று ஒரு வருஷம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். உலகத்து சானடோரியங்களை மூடவைத்ததில் அந்த முடிவுக்குப் பங்கு உண்டு. ஏழைகளுக்கு அது பெரிய விடுதலை.

அந்த விடுதலையோடு ஒரு கண்காணிப்பும் கூடவே வந்தது. வீட்டுக்குத் திடீரென்று போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். மையத்துக்கு வந்து கண் முன்னால் மருந்து எடுத்துக்கொள்கிற முறையும் சென்னையில் 60-களில் சோதிக்கப்பட்டது. 90-களில் உலக சுகாதார நிறுவனம் அதையே 'டாட்ஸ்' என்று உலகம் பூராவும் கொண்டுபோனது. இந்தியாவில் 1997-ல் அரசுத் திட்டமானது. வாயைத் திற, விழுங்கு, தண்ணீர் குடி. ஐம்பது வயசு மனிதர் ஒரு ஸ்கூல் பையன் மாதிரி நிற்க வேண்டும். அவர் கார் வைத்திருந்து, பிரைவேட் டாக்டரிடம் போகிறவராக இருந்தால் யாரும் அவர் வாயைத் திறந்து பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு மேல் மருந்தை விட்டவருக்கு அந்தத் திட்டத்தின் ரெஜிஸ்டரில் இருந்த பெயர் 'டிஃபால்ட்டர்'. பேங்க்கில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டாதவனுக்குச் சொல்கிற அதே வார்த்தை. பரிசோதனைக்கு வருகிறவர் 'சஸ்பெக்ட்'. அது போலீஸ் ஸ்டேஷன் வார்த்தை. நோயாளிகள் தரப்பிலிருந்து பலர் சண்டை போட்ட பிறகு 2013-ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் எடுத்துவிட்டது. டிஃபால்ட்டர் போய், தொடர்பு விட்டுப்போனவர் என்றானது. வெறும் வார்த்தை ஜாலம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். டிஃபால்ட்டர் என்றால் தப்பு அவர் மேல். தொடர்பு விட்டுப்போனது என்றால், யார் விட்டது என்ற கேள்வி நம் பக்கமும் திரும்புகிறது.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒருவரிடம் அவருக்குத் தெரிகிற சாட்சியத்துக்கு எதிராக, நான்கு மாதம், மற்றவர்களுக்காகவும் சேர்த்து ஒரு காரியம் செய்யச் சொல்கிறோம். அப்படியானால் கடன்காரர் அவர் இல்லை, நாம். வேலைக்குப் போகும் முன் மருந்து வாங்கிக்கொள்கிற மாதிரி நேரம், வயிற்றைப் புரட்டினால் கேட்க ஓர் ஆள், எலிக் கதையை அவர் பாஷையில் சொல்ல ஐந்து நிமிடம், இதெல்லாம் சலுகை இல்லை, வட்டி. 2018-லிருந்து மத்திய அரசு டி.பி. நோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுக்க ஆரம்பித்து, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆக்கியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஒரு கட்டடத் தொழிலாளியின் ஓரிரண்டு நாள் கூலி அது. மாதத்தில் முப்பது நாள் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு 'அப்போ எல்லா ஆன்ட்டிபயாட்டிக்கையும் மாசக்கணக்கில் சாப்பிடணுமா' என்று ஆரம்பிக்காதீர்கள். டி.பி.யின் நியாயம் தொண்டை வலிக்குப் பொருந்தாது. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சில நிபுணர்கள், சாதாரணத் தொற்றுகள் பலவற்றில் 'கோர்ஸை முடித்தே ஆக வேண்டும்' என்ற உபதேசத்துக்கு ஆதாரம் போதாது என்றார்கள். தேவைக்கு மேல் சாப்பிட்டால், உடம்பில் சும்மா குடியிருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். எத்தனை நாள் என்பதை நோயைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். சாதாரண ஜலதோஷத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டால், பூஜ்யம் நாள். அது வைரஸ், ஆன்ட்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலையே இல்லை. போன தடவை மிஞ்சினது என்று டப்பாவில் நாலு மாத்திரை வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

தூங்குகிறவர்களைச் சமாளிக்க வேறு வழி இல்லையா? பிக்கரே ஒன்று யோசித்தார். மருந்தைக் கொடு, நிறுத்து, எழுந்து வரட்டும், திரும்பக் கொடு என்றார். நிறுத்தின சமயத்தில் எவ்வளவு பேர் எழுவார்கள், எப்போது எழுவார்கள் என்று கணக்குப் போடுவதுதான் கஷ்டம். 2011-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் காலின்ஸும் மாணவர்களும் இன்னொரு வழி பார்த்தார்கள். ஜென்டாமைசின் என்ற மருந்தோடு கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சர்க்கரை கிடைத்ததும் தூங்குகிற கிருமியின் சக்தி எந்திரம் லேசாக ஓட ஆரம்பித்தது. அந்த ஓட்டமே மருந்தை உள்ளே இழுத்துக்கொண்டது. நம் ஊருக்கு இது பழைய டெக்னிக். மலை மலையாகச் சாப்பாட்டைக் குவித்து கும்பகர்ணனை எழுப்பினார்கள், எழுந்தான், சாப்பிட்டான், போருக்குப் போய்ச் செத்தான். கிருபர் ஆட்சேபிக்க முடியாது.

2013-ல் பாஸ்டனில் கிம் லூயிஸின் ஆட்கள் செய்தது நேரடி அசுவத்தாமன் வேலை. செல்லுக்குள் பழைய புரதங்களை அரைத்துப் போடுகிற ஒரு எந்திரம் இருக்கிறது. சாதாரணமாக அது கண்டதைத் தின்னாமல் ஒரு மூடி போட்டிருக்கும். இவர்கள் கொடுத்த பொருள் அந்த மூடியைத் திறந்துவிட்டது. சக்திக் காசுகூடத் தேவைப்படாமல் எந்திரம் கைக்குக் கிடைத்த புரதத்தையெல்லாம் அரைத்துத் தள்ள, ஸ்டஃபிலோகாக்கஸ் தூக்கத்திலேயே காலி. ரிஃபாம்பிசினும் சேர்த்துக் கொடுத்தபோது எலிகளில் நாள்பட்ட தொற்று துடைத்தெறியப்பட்டது. சர்க்கரையும் சரி, இதுவும் சரி, இன்னும் டி.பி. நோயாளியின் கைக்கு வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்தது ஒன்று உண்டு. மருந்துக் கூட்டணியை மாற்றி, ரிஃபாபென்டின், மாக்ஸிஃப்ளாக்சஸின் என்ற இரண்டையும் சேர்த்து, ஆறு மாதத்தை நாலு மாதமாகக் குறைக்க முடியும் என்று 2021-ல் பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய சோதனை காட்டியது. அடுத்த வருஷமே உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு மாற்று வழியாக ஏற்றுக்கொண்டது. நம் தொழிலாளிக்கு உடம்பு தேவலையானது இரண்டாவது மாதத்தில். அதன் பிறகு எலியை நம்பிச் சாப்பிட வேண்டிய காலம் நாலு மாதத்திலிருந்து இரண்டாகிறது. அந்த இரண்டு மாதமும் தினம் காலையில் வயிற்றைப் புரட்டத்தான் செய்யும்.